பல்கலைக் கழக நூலகமும் மின்னிதழ்க் கட்டுரைகளும்



சில ஆண்டுகளுக்கு முன்னர் எங்கள் மொழிபெயர்ப்பு மேசைக்கு நீர்வளத்தைப் பற்றிய ஆங்கில அறிக்கை ஒன்று வந்தது. அதனைத் தமிழாக்கும் பொறுப்பு எம்மிடம் ஒப்படைக்கப்பட்டது. அறிக்கையில் ‘சேஃப் ஈல்டு’ என்ற தொடர் பலமுறை வந்தது. ‘சேஃப்’ என்றால் தீங்கற்றது. ‘ஈல்டு’ என்றால் கிடைக்கும் அளவு. ஆகவே ‘குடிப்பதற்குத் தீங்கற்ற நீரின் அளவு’ என்று எழுதிவிட்டோம். எழுதும்போதே ஐயம் எழாமலில்லை. அத்தொடர் முதலில் வந்த பக்கத்தின் அடிக்குறிப்பில் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையின் பெயர் இருந்தது. கணிப்பொறியில் அதனைத் தேடினோம். கட்டுரையின் சுருக்கம் மட்டும் திரையில் தோன்றியது. முழுவதையும் படிக்க வேண்டுமானால் ஏறத்தாழ மூவாயிரம் ரூபாய் செலுத்த வேண்டும் என்ற அறிவிப்பும் உடன் தோன்றியது. நமக்கு எட்டாத பொருள் என்று எண்ணித் திரையை மூடிவிட்டோம்.

அச்சுக்குப் போகுமுன் பொறியாளர் ஒருவர் அத்தமிழாக்கத்தைப் பார்வையிட்டார். அத்தொடர் நீரின் தூய்மையைக் குறிப்பதன்று என்று அவர் எடுத்துக் காட்டினார். நிலத்தடி நீருக்குக் கேடு வாராமல் ஆண்டுதோறும் எவ்வளவு நீர் எடுக்கலாமோ அந்த அளவையே அது குறிக்கும். கிணற்று நீர் குடிக்கத் தக்கதா என்பது ஒரு கேள்வி. கிணறு வற்றாதிருக்க எவ்வளவு இறைக்கலாம் என்பது முற்றும் வேறான கேள்வி. நல்ல வேளையாகப் பிழை திருத்தப்பட்டது. அது அப்படியே அச்சாகி, நச்சுப் பொருள் கலந்த நீருள்ள ஊரில் யாரேனும் ஒருவர் படித்து நம்பியிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறோம்.

பின்னர் நாம் அறிந்த செய்திதான் நம்மை மேலும் வெட்கமடையச் செய்தது. அந்த ஆராய்ச்சி இதழுக்கு, எங்கள் அலுவலகத்திலிருந்து அரைமணிப் பயணத்தில் உள்ள பல்கலைக் கழக நூலகம் ஒன்று ஏற்கெனவே சந்தா செலுத்தி வந்தது. அலுவலகக் கடிதம் ஒன்றுடன் சென்று கேட்டால், வெளியாரும் அங்கே அமர்ந்து படிக்க அந்நூலகர் இசைவு தந்தார். நமது பிழைக்குக் காரணம் பணமின்மை அன்று, கேளாமையே ஆகும். ஆகவே, ஆராய்ச்சிக் கட்டுரையைத் தேடுவோர் பல்கலைக் கழக நூலகத்தை எவ்வாறு பயன்படுத்திக்கொள்ளலாம் என்பதை இன்று ஆராய்வோம்.

முதலில், ஆராய்ச்சி இதழ் என்பது யாது என்று பார்ப்போம். 1665-ஆம் ஆண்டு ஜனவரியில் பாரிஸ் நகரிலும், அதே ஆண்டு மார்ச்சில் லண்டனிலும் அறிஞர்களின் கண்டுபிடிப்புகளை வெளியிடும் இதழ்கள் தோன்றின. நம் நாட்டில் 1784-இல் கல்கத்தாவில் நிறுவப்பெற்ற ஆசியக் கழகம், 1788-இல் தன் ஆராய்ச்சித் தொகுதியின் முதற் பகுதியை வெளியிட்டது. அன்று முதல் இன்று வரை, புதிதாகக் கண்ட உண்மை பெரும்பாலும் முதலில் இடம்பெறுவது நூலில் அன்று. இதழில் வரும் கட்டுரையிலேதான். நூலாக வருவதற்குப் பல ஆண்டுகள் ஆகலாம். மாணவரோ மருத்துவரோ பொறியாளரோ மொழிபெயர்ப்பாளரோ, அண்மைக் கால அறிவைத் தேடும் எவரும் ஒருநாள் இவ்விதழ்களின் வாயிலுக்கு வந்தே தீர வேண்டும்.

முந்தைய காலத்தில் இவை தடித்த அட்டையிட்ட தொகுதிகளாக நூலக அலமாரிகளை நிறைத்து நின்றன. இடம் போதாமை பெருங்கவலையாயிற்று. பழைய இதழ்களைப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்துக் கணிப்பொறியில் வைக்கும் ஜேஸ்டோர் என்னும் நிறுவனம் 1995-இல் அமெரிக்காவில் அமைந்ததற்கு இந்த இட நெருக்கடியே காரணமாக இருந்தது. இன்று பெரும்பாலான ஆராய்ச்சி இதழ்கள் மின்னிதழ்களாகவே வருகின்றன. அலமாரி கண்ணுக்குத் தெரியாமற் போயிற்று. அதனுடன், அவ்விதழ்களை நூலகமே நமக்கு வாங்கித் தருகிறது என்ற எண்ணமும் பலர் நெஞ்சிலிருந்து மறைந்துவிட்டது.

புதிதாக வரும் மாணவர்கள் பெரும்பாலும் செய்யும் பிழை ஒன்றுண்டு. நூலகத்தின் நூற்பட்டியலில் கட்டுரையின் தலைப்பை எழுதித் தேடுவார்கள். விடை வாராது. ‘நூலகத்தில் இல்லை’ என்று முடிவு கட்டித் திரும்பிவிடுவார்கள். நூற்பட்டியலில் நூலின் பெயரும் இதழின் பெயரும் இருக்கும். இதழுக்குள்ளே அடங்கிய ஒவ்வொரு கட்டுரையின் பெயரும் வழக்கமாக இராது. தெருவின் பெயரை எழுதிய பலகையில் வீட்டுக்காரர் பெயரைத் தேடினால் கிடைக்குமா? கட்டுரையின் முழு விவரமும் கையில் இருந்தால், இதழின் பெயரைக் கொண்டு நூலகத்தின் மின்னிதழ் வரிசையைப் பார்க்க வேண்டும். விவரம் எதுவுமில்லாமல் பொருள் மட்டும் தெரியுமானால், கட்டுரைகளைப் பொருள்வாரியாகத் தொகுத்துக் காட்டும் தகவல் தொகுப்புகளுக்குள் நுழைய வேண்டும். ‘டேட்டாபேஸ்’ என்று நூலகர்கள் கூறுவது இதனையே. இவ்விரண்டுக்கும் வழி நூலகத்தின் இணையப் பக்கத்தில் இருக்கும்.

முதல் வகைக்கு ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். சர் சி. வி. இராமன் அவர்களும் கே. எஸ். கிருஷ்ணன் அவர்களும் ஒளிச்சிதறலைப் பற்றி 1928 பிப்ரவரி 16-ஆம் நாள் கல்கத்தாவிலிருந்து ஒரு சிறு கடிதம் எழுதி அனுப்பினார்கள். அது லண்டனில் வெளிவரும் ‘நேச்சர்’ இதழில் 1928 மார்ச் 31-இல், 121-ஆம் தொகுதியில், 501-ஆம் பக்கத்தில் வெளியாயிற்று. இராமன் அவர்களுக்கு 1930-இல் நோபெல் பரிசு கிடைப்பதற்கு அடிப்படையாக அமைந்த எழுத்துகளுள் அது ஒன்று. ஆசிரியர் பெயர், இதழின் பெயர், தொகுதி, பக்கம், ஆண்டு ஆகிய ஐந்தும் தெரிந்தால் உலகின் எந்த நூலகத்திலும் அக்கட்டுரையைத் தேடிக் காணலாம். இதழ் நூலகத்தில் உண்டா என்று முதலிலும், குறித்த ஆண்டின் தொகுதி உண்டா என்று அடுத்தும் பார்க்க வேண்டும். ஏனெனில் அண்மை ஆண்டுகள் மட்டும் கிடைக்கும் இதழ்களும் உண்டு. பழைய தொகுதிகள் மட்டும் கிடைத்து, கடைசி மூன்று நான்கு ஆண்டுகள் கிடைக்காத இதழ்களும் உண்டு.

இக்காலக் கட்டுரைகளுக்கு இவையன்றி டி.ஓ.ஐ. என்ற அடையாள எண்ணும் வழங்கப்படுகிறது. அது எப்போதும் 10 என்று தொடங்கும். அடுத்து வரும் பகுதி வெளியீட்டாளரைக் குறிக்கும். ‘நேச்சர்’ இதழின் கட்டுரைகளுக்கு உரியது 10.1038 என்பதாகும். இணையப் பக்கத்தின் முகவரி மாறினாலும் இந்த எண் மாறுவதில்லை. எனவே குறிப்பு எடுக்கும்போது இதனையும் எழுதிக்கொள்ளுதல் நன்று.

இங்கே ஓர் எச்சரிக்கை கூற வேண்டும். கேட்டவுடன் விடையெழுதித் தரும் கணிப்பொறிக் கருவிகள் அண்மைக் காலத்தில் பெருகிவிட்டன. அவை சில வேளைகளில் இல்லாத கட்டுரைக்கும் தலைப்பு, ஆசிரியர், தொகுதி, பக்கம் எல்லாம் புனைந்து தந்துவிடுகின்றன. பார்த்தால் மெய்யான குறிப்பைப் போலவே தோன்றும். இதழின் அந்தத் தொகுதியைத் திறந்து, அந்தப் பக்கத்தில் உண்மையில் என்ன இருக்கிறது என்று கண்ணால் காணும் வரையில் எந்தக் குறிப்பையும் நம்பலாகாது. படிக்காத கட்டுரையை மேற்கோள் காட்டுதல் எக்காலத்தும் தவறு. இல்லாத கட்டுரையைக் காட்டுதல் அதனினும் பெருந்தவறு.

இனி இரண்டாம் வகை. பொருள் தெரியும், கட்டுரை தெரியாது. இங்கே வேண்டுவது சொல்லறிவு. இதில் மொழிபெயர்ப்பாளர்களுக்குச் சிறிது பழக்கம் உண்டு எனலாம். ஒரே பொருளுக்கு எத்தனை பெயர்கள் வழங்கினவோ அத்தனையையும் கொண்டு தேட வேண்டும். பம்பாய் 1995-இல் மும்பை ஆயிற்று. மதராஸ் 1996-இல் ஆங்கிலத்திலும் சென்னை ஆயிற்று. கல்கத்தா 2001-இல் கொல்கத்தா ஆயிற்று. கொல்கத்தாவின் சணல் ஆலைகளைப் பற்றி ஆராய விரும்பும் மாணவி, புதிய பெயரை மட்டும் எழுதித் தேடினால், அந்நகரைப் பற்றி இரண்டு நூற்றாண்டுகளாக எழுதப்பட்டவற்றுள் பெரும்பகுதி அவள் கண்ணுக்குப் படாமலே போய்விடும். தஞ்சாவூரைத் ‘டாஞ்சூர்’ என்று எழுதிய காலமும் உண்டல்லவா? ஊர்ப்பெயர்களுக்கு மட்டுமன்று, நோய், பயிர், தொழில் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். நமது ‘சேஃப் ஈல்டு’ என்ற தொடருக்கும் பிற்கால அறிஞர்கள் வேறு பெயர்களை வழங்கியிருக்கிறார்கள்.

சொற்களை இணைப்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஜார்ஜ் பூல் என்னும் கணித அறிஞர் வகுத்த முறையே தேடும் கருவிகளில் இன்றும் பயன்படுகிறது. அதில் மூன்று இணைப்புச் சொற்கள் உண்டு. தமிழில் ‘உம்’, ‘அல்லது’, ‘அன்றி’ என்று கூறலாம். நம் பேச்சில் ‘நெல்லும் கரும்பும் பற்றிய கட்டுரைகள்’ என்றால் நெல்லைப் பற்றியவையும் வரும், கரும்பைப் பற்றியவையும் வரும். தேடும் கருவிக்கோ ‘உம்’ என்பது சுருக்கும் சொல். நெல், கரும்பு என்ற இரண்டு சொற்களும் ஒருங்கே உள்ள கட்டுரைகளை மட்டுமே அது தரும். விரிவாக வேண்டுமானால் ‘அல்லது’ என்று கேட்க வேண்டும். மும்பை அல்லது பம்பாய் என்று கேட்டால் இரு காலத்துக் கட்டுரைகளும் வந்து சேரும். ‘அன்றி’ என்பதை மிகுந்த கவனத்துடன் கையாள வேண்டும். வேண்டாதவற்றை விலக்கும்போது வேண்டியவையும் உடன் விலகிவிடக் கூடும்.

இவ்வாறு தேடிக் கட்டுரையைக் கண்டுகொண்டோம். திரையில் விலை கேட்கும் அறிவிப்பு வந்து நிற்கிறது. என் செய்வது? பணம் செலுத்துமுன், நாம் எந்த வாயில் வழியாக வந்தோம் என்று பார்க்க வேண்டும். வெளியீட்டாளரின் கணிப்பொறிக்கு நம் முகம் தெரியாது. பல்கலைக் கழக வளாகத்தின் இணைப்பிலிருந்து வருவோரை, அவ்விணைப்பின் எண்ணைக் கொண்டே அது அடையாளம் கண்டு உள்ளே விடுகிறது. அதே மாணவர் வீட்டிலிருந்து அதே கட்டுரையைத் திறந்தால், அவர் சந்தா செலுத்திய நிறுவனத்தைச் சேர்ந்தவர் என்பது அதற்குத் தெரியாது. ஆகவே விலை கேட்கிறது. வெளியீட்டாளரின் பக்கத்திற்கு நேரே செல்லாமல், நூலகத்தின் பக்கத்தில் தம் பெயரையும் கடவுச்சொல்லையும் தந்து, அதன் வழியே சென்றால் கட்டுரை திறக்கும். பல்கலைக் கழகங்களின் சார்பில் இவ்வாறு அடையாளம் காட்டும் கூட்டமைப்பு ஒன்றைக் காந்திநகரில் உள்ள இன்ஃபிலிப்னெட் மையம் நடத்தி வருகிறது. கடவுச்சொல் பெறுவது எவ்வாறு என்று நூலகத்தில் கேட்பதற்குச் சில நிமிடங்களே ஆகும். அதனைக் கேளாமல் பட்டப் படிப்பு முழுவதையும் முடித்து வெளியேறுவோரும் உண்டு.

இந்த வாயிலைத் திறந்து வைப்பதற்கு நாடு கொடுக்கும் விலை சிறிதன்று. 1991-இல் பல்கலைக் கழக மானியக் குழுவின் திட்டமாகத் தொடங்கிய இன்ஃபிலிப்னெட், பல கல்வி நிலையங்களுக்கும் சேர்த்து இதழ்களை வாங்கும் பணியைப் படிப்படியாக மேற்கொண்டது. 2024 நவம்பர் 25-இல் மத்திய அமைச்சரவை ‘ஒரே நாடு, ஒரே சந்தா’ என்ற திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. 2025, 2026, 2027 ஆகிய மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் இதற்கென ஒதுக்கப்பட்டது. முப்பது வெளியீட்டாளர்களின் ஏறத்தாழ 13,000 மின்னிதழ்களை, 6,300-க்கும் மேற்பட்ட அரசாங்கக் கல்வி நிலையங்களையும் ஆராய்ச்சி நிலையங்களையும் சேர்ந்தோர் படிக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். மாணவர்களும் ஆசிரியர்களும் ஆராய்ச்சியாளர்களுமாக ஏறத்தாழ 1 கோடியே 80 இலட்சம் பேர் பயனடைவர் என்று அப்போது அறிவிக்கப்பட்டது. பெருநகரப் பல்கலைக் கழகத்துக்கு மட்டும் கிட்டிய இதழ், சிற்றூர் அரசினர் கல்லூரிக்கும் கிட்டுவதற்கு இது வழி செய்கிறது.

ஆயினும் கதவு திறந்திருப்பதும் உள்ளே செல்வதும் ஒன்றல்ல. தம் குடும்பத்திலே முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த மாணவர் ஒருவர், மூவாயிரம் ரூபாய் என்ற அறிவிப்பைக் கண்டதும், ஆராய்ச்சி நம் போன்றோர்க்கு உரியதன்று என்று எண்ணி அடங்கிவிடலாம். அக்கட்டுரைக்கு அவருடைய நாடு முன்னரே பணம் கொடுத்துவிட்டது என்பதை அவருக்கு யாரேனும் ஒருவர் சொல்ல வேண்டும். நேயர்களுள் பெற்றோர் இருப்பின், இன்று மாலையே தம் மக்களிடம் கேட்கலாம்: ‘உங்கள் கல்லூரி நூலகத்தின் கடவுச்சொல்லை வாங்கிவிட்டாயா?’

அரசாங்கக் கல்வி நிலையங்களைச் சேராதவர்கள், படிப்பை முடித்து நெடுநாள் ஆனவர்கள், எம் போன்ற அலுவலர்கள் ஆகியோருக்கு வழி என்ன? பல வழிகள் உண்டு. அருகில் உள்ள பல்கலைக் கழக நூலகத்தில் வெளியாருக்கு இசைவு உண்டா என்று கேட்கலாம்; நூலகத்துக்கு நூலகம் விதிகள் வேறுபடும். ஒரு நூலகம் தன்னிடம் இல்லாத கட்டுரையை இன்னொரு நூலகத்திலிருந்து வருவித்துத் தரும் ஏற்பாடும் உண்டு. டில்லியில் 1988-இல் தொடங்கிய டெல்நெட் என்னும் நூலகக் கூட்டிணைப்பு இத்தகைய பணியைச் செய்து வருகிறது. கட்டுரையின் ஆசிரியருக்கே பணிவாக ஒரு கடிதம் எழுதுவதும் உண்டு. தம் எழுத்தை ஒருவர் படிக்க விரும்புகிறார் என்று அறிந்து மகிழாத ஆசிரியர் அரியர். பலர் படியை உடனே அனுப்பி வைக்கிறார்கள்.

யாவரும் விலையின்றிப் படிக்கத் தக்க களஞ்சியங்களும் உண்டு. இயற்பியல், கணிதம் முதலிய துறைகளின் கட்டுரைகளை, இதழில் வருமுன்னரே திறந்து வைக்கும் ‘ஆர்க்கைவ்’ 1991-இல் தொடங்கியது. இராமன் அவர்கள் 1934-இல் பெங்களூரில் நிறுவிய இந்திய அறிவியல் கழகம் தன் இதழ்களை இணையத்தில் யாவர்க்கும் திறந்து வைத்திருக்கிறது. நம் பல்கலைக் கழகங்களில் ஏற்கப்பெற்ற ஆராய்ச்சி ஏடுகளைத் தொகுத்து வைக்கும் ‘சோத்கங்கா’ என்னும் களஞ்சியத்தையும் இன்ஃபிலிப்னெட் நடத்துகிறது. ‘சோத்’ என்றால் இந்தியில் ஆராய்ச்சி. இக்கங்கையில் நீராட எவருக்கும் சீட்டு வேண்டியதில்லை. அந்த ஏடுகளின் இறுதியில் உள்ள நூற்பட்டியே, ஒரு பொருளைப் பற்றி எந்தெந்தக் கட்டுரைகளைப் படிக்க வேண்டும் என்பதற்குச் சிறந்த வழிகாட்டி.

இவ்வளவும் கேட்டபின், இத்தனை நுட்பங்களையும் தனியே கற்றுக்கொள்ள வேண்டுமா என்று நேயர்கள் மலைக்க வேண்டாம். கற்றவர் ஒருவர் அங்கே இருக்கிறார். அவரே நூலகர். சீர்காழியிலே பிறந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக் கழக நூலகராகிப் பின்னர்க் காசியிலும் டில்லியிலும் பணியாற்றிய எஸ். ஆர். அரங்கநாதன் அவர்கள், 1931-இல் வெளியிட்ட நூலக விதிகள் ஐந்தனுள் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்பதாகும். நாம் மூன்று நாட்கள் தேடியும் காணாததை நூலகர் கால்மணியில் எடுத்துத் தருவதுண்டு. அவரை அணுகுமுன் செய்ய வேண்டியது ஒன்றே: எதைத் தேடுகிறோம், எதற்காகத் தேடுகிறோம், இதுவரை எங்கெங்கே தேடினோம் என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு செல்லுதல் வேண்டும்.

நமது மேசையில் இப்போது அத்தகைய தாள் ஒன்று எப்போதும் இருக்கிறது. பொருள் ஐயமுள்ள தொடர்களை வாரந்தோறும் அதில் எழுதி வைக்கிறோம். சனிக்கிழமை பிற்பகலில் அதனை எடுத்துக்கொண்டு அந்த நூலகத்துக்குச் செல்கிறோம். முதல் நாள் நாம் கேட்டுப் படித்தது, முன்பு விலை கண்டு மூடிவிட்ட அதே கட்டுரையைத்தான். ‘சேஃப் ஈல்டு’ என்பதன் பொருள் அதன் முதற் பக்கத்திலேயே, இரண்டு வரிகளில், ஐயத்துக்கு இடமின்றி எழுதப்பட்டிருந்தது.